சாட்சிப் பாட்டு

அவளுக்கு ஊர் வைத்த பெயர் தகரம். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. ஓட்டுப் போடப் போகிற அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். தகர ஷீட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் ஒரு சத்தம் வருமே, பல் கூசும், ஆனால் தெருக்கோடி வரை கேட்கும், அதுதான் அவள் குரல். இனிமை என்பது அதில் மருந்துக்கும் கிடையாது. அவள் பாட்டைக் கேட்க வந்த வெளியூர்க்காரர்கள் முதல் வரியில் முகம் சுளித்து, பாட்டு முடிவதற்குள் எழுந்து நின்று கை தட்டியதை இந்த ஊர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறது.

குரலைக் கெடுத்தது சலவை ஆலை. நகரத்து ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள், ரயில் படுக்கைப் பெட்டிகள் எல்லாவற்றின் அழுக்குத் துணியும் அங்கேதான் வந்து சேரும். அவளுடைய அம்மா அங்கே மடிப்பு வேலை பார்த்தாள். கைக்குழந்தையை உலர்ந்த விரிப்புக் குவியலின் மேல் படுக்க வைத்துவிட்டு வேலை செய்வாளாம். வெளுக்கிற பொடியின் நெடியைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவளுக்குக் குயில் குரலா வரும்?

பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மூலைகளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து உதறி, நடந்து வந்து நடுவில் சேர்க்க வேண்டும். இழுக்கும்போது ஒருத்தி கேட்பாள், சேரும்போது மற்றவள் பதில் சொல்வாள். நாள் முழுக்க இதே வேலை என்றால் வாய் சும்மா இருக்குமா? ஊர் வம்பு அத்தனையும் அந்த விரிப்புகளுக்கு மேலே பாட்டாக ஓடியது. “மாடி வீட்டுக்காரன் மதில் ஏறிக் குதிச்சானாம், யாரு பாத்தா?” என்று இழுப்பார்கள். “பால் ஊத்துறவன் பாத்தான்!” என்று சேர்ப்பார்கள். பார்த்தவர் யார் என்று சொல்லாமல் வம்பு பாடக் கூடாது. அது மடிப்பு அறையின் சட்டம். சாட்சி சொல்லத் தெரியாமல் விழித்தவள் அன்றைக்கு எல்லோருடைய ஈரத் துணியையும் சுமக்க வேண்டும். வம்புக்கே இவ்வளவு நாணயம் பார்த்தவர்கள் அந்தப் பெண்கள்.

தகரம் பெரியவளாகி அதே அறைக்கு வேலைக்கு வந்ததும் மாடி வீட்டுக்காரனை விட்டுவிட்டு சூப்பர்வைசரைப் பிடித்தாள். அந்த மகராசன் கக்கூஸைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவன். “கக்கூஸ் சாவி கழுத்துல தொங்குதே, யாரு பாத்தா?” என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். “நாங்க பாத்தோம்!” என்று அறையே அலறியது. பஸ்ஸில் பாடினார்கள், கடையில் பாடினார்கள். சூப்பர்வைசரின் மனைவி காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் அந்தக் கதவில் பூட்டு இல்லை.

அப்போதிருந்து எங்கே அநியாயம் நடந்தாலும் தகரத்தைக் கூப்பிட்டார்கள். காலியான சலவைப் பொடி டின் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் தட்டியபடி போய் நிற்பாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், பஸ் டிப்போவில் கூட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் பாடியிருக்கிறாள். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: “பாத்தது யாரு? அவங்க என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்.” பார்த்தவர் பயந்தால், “பயமா இருந்தா தப்பில்ல கண்ணு, மனசுல வச்சுக்கோ. பாட்டு மட்டும் வேண்டாம்” என்று டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கெஞ்சினாலும் மசிய மாட்டாள். சாட்சி இல்லாத வரி ஒன்று கலந்தால், மற்ற வரிகளையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

அவளைக் கட்டிக்கொண்டவர் அதே ஆலையின் பாய்லர்க்காரர். ஏன் இவளைக் கட்டினீர்கள் என்று கேட்டால், “பாய்லர் ரூம்ல நின்னா எனக்கு இவ பேசுறது மட்டுந்தான் காதுல விழும், வேற வழி?” என்பார். அதிகம் பேசாத மனுஷன். சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், தகரம் தன்பாட்டுக்குக் கத்தி ஓய்ந்த பிறகு வந்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டு உட்காருவார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை இருவரும் ஒருவருக்கொருவர் செல்லம் கொடுத்தே தீர்த்துக்கொண்டார்கள்.

இப்படியே காலம் போயிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. ஆலை கை மாறியது. புது முதலாளிகள் யார் என்றே யாருக்கும் தெரியாது. எங்கிருந்தோ உத்தரவு மட்டும் வந்தது. துணி திருடு போகிறது என்று சொல்லி இஸ்திரி அறையின் பின்கதவைப் பூட்டினார்கள். ஒரு மத்தியானம் நீராவிக் குழாய் வெடித்து அந்த அறை முழுக்கக் கொதிக்கிற ஆவி. முன்பக்கம் ஓடியவர்கள் பிழைத்தார்கள், தோல் உரிந்தாலும் பிழைத்தார்கள். பின்கதவுக்கு ஓடிய சின்னப் பெண் ஒருத்தி அங்கேயே விழுந்து செத்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பாய்லரை அணைத்துவிட்டு முதலில் உள்ளே ஓடியவர் பாய்லர்க்காரர்தான். அந்தப் பெண்ணைத் தூக்கி வந்து துணிக் குவியலில் கிடத்தினார். அப்போது சூப்பர்வைசர் குனிந்து அவள் கண்களை மூடினான். மூடிய கையாலேயே அவளுடைய வேலைக் கோட்டுப் பையில் எதையோ போட்டான். சாயங்காலம் போலீஸ் வந்தபோது பின்கதவுச் சாவி அந்தப் பையில் ‘கிடைத்தது’. தூங்குவதற்காக அவளே கதவைப் பூட்டிக்கொண்டாளாம், அதனாலேதான் செத்தாளாம். செத்துப் போனவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறாள்?

பாய்லர்க்காரர் மறுநாளே போலீஸில் போய்ச் சொன்னார். சரி சரி என்று கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை.

“பாட்டுல போடட்டுமா?” என்று கேட்டாள் தகரம்.

“போட்டா என்ன ஆகும்?”

“ஊருக்குத் தெரியும். அந்தப் பொண்ணு மேல விழுந்த பழி போகும்.”

“அப்பப் போடு. இதுக்குப் போயி என்னைக் கேட்டுக்கிட்டு” என்று சோற்றில் கை வைத்தார்.

அந்தப் பாட்டுக்கு நான்கு அடி: பூட்டிய கதவு, பழுதான அழுத்தமானி, ஊதவிடாமல் அடக்கிய அபாயச் சங்கு, பையில் போட்ட சாவி. நான்கு அடிக்கும் நான்கு சாட்சி. ஒவ்வொருவரையும் நேரில் உட்கார வைத்துக் கேட்டுத்தான் சேர்த்தாள். மாலையில் வேலை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது ஆலை வாசலில் நின்று எடுப்பாள்:

“பின்கதவைப் பூட்டிப்புட்டு சாவியத்தான் ஆட்டுனானே, யாரு பாத்தா?”

“இஸ்திரியக்கா பாத்தாங்க, எரிஞ்ச கையோட பாத்தாங்க!” என்று கூட்டம் சேர்க்கும்.

“அழுத்தம் காட்டும் முள்ளு செத்து அசையாமக் கிடந்துச்சே, யாரு பாத்தா?”

“ஃபிட்டரண்ணன் பாத்தாரு, போயிச் சொல்லிப் பாத்தாரு!”

“அலறுற சங்கோட வாய அமுக்கிப் பிடிச்சாங்களே, யாரு பாத்தா?”

“வாட்ச்மேன் மாமா பாத்தாரு, வாசல்ல நின்னு பாத்தாரு!”

“செத்தவ பையில சாவியச் செருகி வச்சாங்களே, யாரு பாத்தா?”

“பாய்லர்க்காரர் பாத்தாரு, பக்கம் நின்னு பாத்தாரு!”

செத்த பெண்ணின் அம்மா தினமும் அந்த வாசலுக்கு வந்தாள். கூட்டத்தில் சேர மாட்டாள். எதிரே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான்காவது அடி வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். தன் பெண் கதவைப் பூட்டித் தூங்கவில்லை என்று உலகத்தில் யாராவது ஒருவர் தினமும் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு. அதைக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு வாய் சோறு இறங்கும் போலிருக்கிறது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில் கண்டக்டர் பாடினார். தெருப்பிள்ளைகள் அதற்குக் கயிறு தாண்டினார்கள். விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. தகரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் இஸ்திரியக்காவைக் காணோம். கைக்குக் கட்டு மாற்றப் போனவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேயில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்றார்கள். மகளோ அம்மா எங்கே என்று இங்கே வந்து அழுதாள். அப்புறம் ஃபிட்டரை லாரி அடித்தது. லாரிகள் போகிற சாலையே இல்லை அது; சைக்கிள் போகிற சந்து. அழுதார்கள், எடுத்துப் போனார்கள். விபத்துதானே என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அதற்கப்புறம் வாட்ச்மேனைப் பேசக் கூப்பிட்டுப் போனார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். வந்தவர், எதிரே யார் வந்தாலும், கேட்காமலே, “நான் ஒண்ணும் பாக்கலப்பா” என்றார். கடையில் சோப்பு வாங்கும்போதும் அதையே சொன்னார். பெற்ற மகனிடமும் அதையே சொன்னார்.

தகரம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். பக்கத்தில் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். “இஸ்திரியக்கா பாத்தாங்க” என்று ஒரு குதி. “ஃபிட்டரண்ணன் பாத்தாரு” என்று அடுத்த குதி. “வாட்ச்மேன் மாமா பாத்தாரு.” பாட்டு எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் ஆட்கள் போகிறார்கள். யாரை முதலில் பிடிப்பது, யாரை அடுத்துப் பிடிப்பது என்று யாரும் உளவு பார்க்கவே தேவையில்லை. அவளே டின்னைத் தட்டித் தட்டி, தெருவெல்லாம் கேட்கும்படி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! “நிறுத்துங்கடி!” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். அவர்கள் சிரித்துக்கொண்டே நான்காவது அடியையும் பாடித் தாண்டினார்கள்.

குடம் நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள். வீட்டு வாசலில், அவர்கள் வீட்டு முக்காலியிலேயே, ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான். சில நாட்களாக ஆலை வாசல் டீக்கடையில் நின்று பாட்டுக் கேட்கிறவன். தாளம் தப்பாமல் விரலால் தட்டுவான். கூட்டத்துப் பெண்கள் அவனுக்கு ‘ரசிகர்’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள்.

“வணக்கம்மா. உங்க பாட்டுன்னா எனக்கு உயிரு” என்றான். “தினம் வந்துடுறேன். முதல் மூணு அடியும் என்னமா உக்காந்திருக்கு! நாலாவதுதான் கொஞ்சம் இழுக்குது. இல்ல?”

அவள் கண் அவனைத் தாண்டி வீட்டுக்குள் ஓடியது.

“இன்னிக்கு விசாரணை ஆபீசர் வாசலுக்கு வர்றாராம். உங்க பாட்டை நேர்ல கேக்கணும்கிறாரு. மூணோட முடிச்சுக்குங்க. மூணு அடிக்கும் இப்ப ஆள் கிடையாது, வெறும் பாட்டுத்தான், பாடிட்டுப் போங்க. நாலாவது அடிக்குத்தான் ஆள் இருக்கு. இருக்கட்டுமே! நல்ல மனுஷன். வயசாகி, பென்ஷன் வாங்கி, நிம்மதியா இருக்கட்டும்.” செருப்பை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். “தண்ணி கொஞ்சம் கொடுங்களேன்.”

கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? தண்ணீர் அவன் சட்டையில் சிந்தியது. “பரவாயில்லம்மா” என்று சிரித்தான் பாவி.

கணவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், “அவன் சொன்னா நிறுத்திடுவியா?” என்று கேட்பார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. நிறுத்துவேன். உங்களுக்காக நிறுத்துவேன், டின்னைத் தூக்கிச் சாக்கடையில் எறிவேன், ஊர் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன். இத்தனை வருஷம் மற்றவர்களிடம் பயமாக இருந்தால் தப்பில்லை என்று சொன்னவள், தனக்கென்று வந்தபோதுதான் பயம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டாள்.

மாலையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரசிகர் டீக்கடையில் கண்ணாடித் தம்ளரோடு நின்றான். பாய்லர்க்காரர் கரி படிந்த கையைத் துடைத்தபடி வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாய்.

தகரம் முதல் அடியை எடுத்தாள். கூட்டம் சேர்த்தது. இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவது முடிந்ததும் டின்னில் பாட்டை முடிக்கிற தட்டைத் தட்டிவிட்டுக் குச்சியை இடுப்பில் செருகினாள்.

கூட்டம் விழித்தது. “அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கே!” என்றாள் ஒருத்தி.

“தொண்ட சரியில்லம்மா. இன்னிக்கு இவ்வளவுதான்.”

அதிகாரி எழுந்துகொள்ளப் பார்த்தார். அப்போது மின்கம்பத்தை விட்டுவிட்டு அந்தத் தாய் நடந்து வந்தாள். இதுவரை வாய் திறந்தே அறியாதவள். கூட்டம் வழிவிட்டது. தகரத்தின் எதிரே வந்து, விரிப்பு மடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டு, ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் கேட்டாள்:

“செத்தவ பையில சாவியச் செருகி வச்சாங்களே... யாரு பாத்தா? சொல்லு தாயி. யாரு பாத்தா?”

பதில் சொல்ல வாய் திறந்த கூட்டம் தகரத்தின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றது. அந்த முகத்தில் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேட்டவளோ கையை நீட்டியபடி நிற்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர்தான் என்று எப்படிச் சொல்வது? தகரம் யோசிக்கவேயில்லை. வாயில் வந்தது.

“நான் பாத்தேன்!” என்றாள். “நான்தான் பாத்தேன்!”

விபத்து நடந்த அன்றைக்குத் தகரம் காய்ச்சலில் வீட்டில் கிடந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர்களே முன்வரிசையில் நின்றார்கள். ரசிகர் தம்ளரை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு நன்றாகச் சிரித்தான். அதிகாரியிடம் போய், “ஐயா, அன்னிக்கு இந்தம்மா வேலைக்கே வரல. லீவு. வேணும்னா கேட்டுப் பாருங்க” என்றான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலாவது அடியை நிறுத்துவதைவிட இது அவனுக்கு எவ்வளவோ மேல். ஒரு சாட்சி பொய் என்றால் நான்கும் பொய். இஸ்திரியக்கா பொய், செத்துப்போன ஃபிட்டர் பொய். இதைத்தானே அவள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்!

“அவ பாக்கலைங்க.”

கூட்டத்தின் ஓரத்திலிருந்து வந்தது குரல். பாய்லர்க்காரர் முன்னால் வந்தார். அவசரமே இல்லாமல், வேலைக்குப் போகிற நடையில் வந்து அந்தத் தாயின் பக்கத்தில் நின்றார்.

“அவ வீட்டுல காய்ச்சலா கிடந்தா. உங்க பொண்ணைத் தூக்கிட்டு வந்து படுக்க வச்சது நான். சாவியைப் போட்டதைப் பாத்ததும் நான். எங்க வேணா சொல்றேன்.”

“ஏங்க...” என்றாள் தகரம்.

“பாடு” என்றார் அவர். “ஆபீசர் உக்காந்திருக்காரு. சரியாப் பாடு.”

பாடாமல் போனால் அவர் இவ்வளவு பேர் முன்னால் வந்து நின்றது வீண். பாடினாலோ, அவளே தன் வாயால் அவரைப் பிடித்துக் கொடுக்கிறாள். தகரம் குச்சியை உருவினாள். அந்தக் குரல் இரண்டாகப் பிளந்து, அழுகையும் பாட்டுமாக வந்தது. கூட்டம் சேர்க்கவில்லை. கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொன்னாள். பாய்லர்க்காரர் பார்த்தார், பக்கம் நின்று பார்த்தார். அந்தத் தாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி பாய்லர்க்காரரை நாளைக்குக் காலையில் வந்து பார்க்கச் சொன்னார். ரசிகர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

நாளைக்குக் காலை! இன்றைக்கு ராத்திரி என்று ஒன்று நடுவில் இருப்பது அந்தப் பெரிய மனுஷருக்குத் தெரியவில்லையா?

கூட்டம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. ஒவ்வொரு சந்துக்கும் ஒன்றிரண்டு பேராகக் குறைந்து, கடைசியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தெரு விளக்குகள் எரியவில்லை. அவர்கள் வீட்டுத் தெருமுனையில் ஒரு வெள்ளை வேன் ஓடுகிற இன்ஜினோடு நின்றது. தெருவில் அத்தனை வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

“ஏன் பாடச் சொன்னீங்க?” என்றாள் தகரம். “என் பாட்டு நாசமாப் போகட்டும்னு விட்டிருக்கலாமே?”

“அந்தம்மா அப்புறம் எங்க போயிக் கேப்பா, தகரம்?”

வேனின் கதவு திறந்தது.

“நீ இந்தச் சந்து வழியா உங்கக்கா வீட்டுக்குப் போயிடு” என்று அவர் மெதுவாகச் சொன்னார். “அவங்களுக்கு நான்தான் வேணும். நீ போ.”

தகரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “போக மாட்டேன்” என்றாள். “பாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்.”